ஃபைபர் தோணிக்குப் பெயிண்ட்: பாளம் பாளமாக உரிவது ஏன்?

கேள்வி: பழவேற்காடு ஏரியில் துடுப்புப் போட்டுப் போக 14 அடி ஃபைபர் தோணி ஒன்றைப் பழையதாக வாங்கினேன். நிறம் மங்கி, தொட்டால் கையில் வெள்ளைப் பொடி ஒட்டியது. சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, வீட்டுக் கதவுக்கு வாங்கிய எனாமலையே அடித்தேன். நாலே மாதத்தில் பாளம் பாளமாக உரிந்துவிட்டது. இந்த முறை எந்தக் கம்பெனி பெயிண்ட் வாங்கலாம்? வீட்டிலேயே அடிக்க முடியுமா?

பதில்: வீட்டிலேயே தாராளமாக அடிக்கலாம். கம்பெனியை அப்புறம் பார்ப்போம், ஏனென்றால் பெயிண்ட் மட்டம் என்றால் அது வெளுக்கும், பொடியாகும். பாளமாகக் கழன்று வருகிறது என்றால் அடியில் அது பிடிக்கவே இல்லை. ஃபைபர் தோணியின் வெளித்தோலுக்கு ஜெல்கோட் என்று பெயர். நிறம் கலந்த ரெசின்தான் (இறுகிப்போகும் பிசின்), ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் கனம். வருடக்கணக்கில் வெயில் பட்டு அதன் மேல்பரப்பு பொடியாகிவிடுகிறது, நீங்கள் அந்தப் பொடியின் மேலேயே அடித்திருக்கிறீர்கள். இன்னொன்று மெழுகு. தோணியை அச்சில் வார்க்கும்போது ஒட்டாமல் கழன்று வருவதற்காக அச்சில் மெழுகு பூசுவார்கள், அதில் கொஞ்சம் தோணியோடும் வந்துவிடும்; முன்பு வைத்திருந்தவர் பாலிஷ் போட்டிருந்தால் அதுவும் சேரும். சோப்புத் தண்ணீருக்கு இது போகாது.

அதனால் வரிசை முக்கியம். முதலில் உப்புப் போக நல்ல தண்ணீரில் கழுவிக் காயவிடுங்கள். தளர்ந்த பெயிண்டைத் தகடு வைத்துச் சுரண்டி எடுத்துவிட்டு, தின்னர் நனைத்த துணியால் துடைத்து, அது காய்வதற்குள் இன்னொரு உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள், துணியை அடிக்கடி மாற்றுங்கள். உப்புத்தாள் இதற்குப் பிறகுதான். மெழுகு இருக்கும்போதே தேய்த்தால் கீறல்களுக்குள் அதை நீங்களே அழுத்திவிட்டதாக ஆகும். பெயிண்ட் ரிமூவர் மட்டும் வேண்டவே வேண்டாம், அது பெயிண்டோடு சேர்த்து ஜெல்கோட்டையும் இளக்கிவிடும்.

120 நம்பர் தாளில் தொடங்கி 220-இல் முடியுங்கள். மினுமினுப்பு முழுக்கப் போய் ஒரே மாதிரி மங்கலாக வந்தால் போதும், ஜெல்கோட்டுக்கு அடியிலுள்ள கண்ணாடி நார் தெரியும்வரை போகக் கூடாது. தண்ணீர் தொட்டுத் தேய்த்தால் தூசி பறக்காது. கண்ணாடி நார்த் தூசி தோலில் அரிக்கும், நுரையீரலுக்கு இன்னும் கெடுதல், ஆகவே என்95 மாஸ்க், முழுக்கைச் சட்டை. தேய்த்து முடித்ததும் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். முத்து முத்தாகத் திரண்டால் மெழுகு இன்னும் இருக்கிறது, படலமாகப் பரவினால் சரி.

மயிரிழை வெடிப்பு இருந்தால் அப்படியே பட்டி பார்க்காமல், கொஞ்சம் அகலமாகச் சுரண்டிவிட்டு எபாக்சி பட்டியால் அடையுங்கள். ஓட்டை இருந்தால் ‘மேட்’ என்கிற கண்ணாடி நார் விரிப்பும் ரெசினும் வேண்டும். இந்த இடத்தில் தயவுசெய்து கவனம். கடையில் ரெசினோடு, அதை இறுகவைக்க ஆக்சிலரேட்டர், கேட்டலிஸ்ட் என்று இரண்டு பாட்டில் தனித்தனியாகத் தருவார்கள். அந்த இரண்டையும் ஒன்றோடொன்று நேராகக் கலக்கவே கூடாது, வெடித்துத் தீப்பிடிக்கும். ஆக்சிலரேட்டரை ரெசினில் ஊற்றி நன்றாகக் கலக்கிய பிறகுதான், கேட்டலிஸ்டைச் சொன்ன அளவு மட்டும் சேர்க்க வேண்டும், அளக்கும் குவளையும் வேறு வேறாக இருக்கட்டும். கேட்டலிஸ்ட் கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் மூடியைத் திறக்காதீர்கள், பிள்ளைகள் கைக்கு எட்டும் இடத்தில் வைக்காதீர்கள்.

பிறகு எபாக்சி பிரைமர் ஒரு கோட், அதற்கு மேல் பெயிண்ட். இரண்டு டப்பாவாக வரும் பாலியூரிதேன்தான் வெயிலுக்கு அதிகம் தாங்கும். பட்ஜெட் இடிக்கிறது என்றால் படகுக்கான ஒற்றை டப்பா எனாமல் போதும், நீங்கள் தினமும் கரையில் ஏற்றிவிடுகிற தோணி என்றால் அதுவே சில வருடம் நிற்கும். பிரைமரும் பெயிண்டும் ஒரே கம்பெனியாக வாங்குங்கள், உங்கள் கேள்வியில் கம்பெனி வருகிற இடம் இதுதான். நுரை ரோலரால் மெல்லிசாக உருட்டி, உடனே காய்ந்த பிரஷ் நுனியால் லேசாக வருடிவிட்டால் கோடு தெரியாது. மெல்லிய இரண்டு கோட், நடுவில் 320 தாள்.

நேரமும் பார்க்க வேண்டும். வெயிலில் கிடந்த தோணி தொட முடியாமல் சுடும், அதில் பெயிண்ட் பரவுவதற்குள் இழுபடும்; சாயங்காலம் அடித்தால் பனி விழுந்து பளபளப்பு போய்விடும். பனி காய்ந்த பிறகு, கொட்டகை நிழலில், காலையிலேயே முடித்துவிடுவது நல்லது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழைக்காலத்தில் தொடவே வேண்டாம். முடிந்ததும் ஒரு வாரம் காயவிட்டுத் தண்ணீரில் இறக்குங்கள்.

கேள்வி: என் தோணி நிறம் மங்கியிருக்கிறது, அவ்வளவுதான். ஸ்ப்ரே கன் வாடகைக்குக் கிடைக்கிறது. பாலியூரிதேனை அதில் அடிக்கலாமா? (முத்துப்பேட்டை வாசகர்)

பதில்: வீட்டில் அடிக்காதீர்கள். அதன் ஹார்ட்னரில், அதாவது பெயிண்டை இறுகவைக்கும் இன்னொரு டப்பாவில், ஐசோசயனேட் என்ற ரசாயனம் இருக்கிறது. ஸ்ப்ரேயில் அது பனிமூட்டமாக மிதக்கும், சாதாரண மாஸ்க் தடுக்காது, ஆஸ்துமாவே வரலாம். பெயிண்ட் வாங்குவதற்குமுன் ஓரமாக ஒரு சாண் இடத்தில் ரப்பிங் காம்பவுண்டு போட்டுத் தேய்த்து, மெழுகு பூசிப் பாருங்கள். பழைய நிறம் மேலே வந்துவிட்டால் உங்களுக்குப் பெயிண்டே தேவையில்லை.