பாய்சனும் வெனமும் ஒன்றா?

கேள்வி: பாம்பு விஷத்தை ஆங்கிலத்தில் 'வெனம்' என்கிறார்கள், எலி மருந்தை 'பாய்சன்' என்கிறார்கள். இரண்டுக்கும் வேர் லத்தீன் என்று படித்தேன். அப்புறம் ஏன் இரண்டு சொற்கள்?

பதில்: வேர் லத்தீன்தான், ஆனால் இரண்டுமே பிறக்கும்போது விஷமாகப் பிறக்கவில்லை. 'பாய்சன்' வந்தது 'போத்தியோ' என்ற சொல்லிலிருந்து. குடிப்பது, அவ்வளவுதான் அதன் பொருள், வைத்தியர் கலக்கிக் கொடுப்பதும் போத்தியோதான். பழைய பிரெஞ்சுக்குள் போனபோது அது கெட்ட பானமாக மாறி, அந்தப் பொருளோடே ஆங்கிலத்துக்கு வந்து சேர்ந்தது. மந்திர பானத்தைக் குறிக்கும் 'போஷன்' இருக்கிறதே, அதுவும் இதே வயிற்றுப் பிள்ளை.

'வெனம்' கதை இன்னும் சுவையானது. லத்தீனில் 'வெனேனும்'. காதல் தெய்வம் வீனஸின் பெயரோடு இதற்கு உறவு உண்டு என்பது மொழியியலாளர்கள் பலரின் கருத்து, அதாவது முதலில் அது வசிய மருந்து! பிறகு நல்ல மருந்து, கெட்ட மருந்து எல்லாவற்றுக்கும் பொதுச் சொல்லாகிவிட்டது. 2-ஆம் நூற்றாண்டு ரோமானியச் சட்ட அறிஞர் கையுஸ், வெனேனும் என்று சொல்பவர் அது நல்லதா கெட்டதா என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மருந்துகளும் வெனேனும்தான் என்று எழுதி வைத்திருக்கிறார். எலியைக் கொல்வதையும் 'மருந்து' என்று சொல்லும் நமக்கு இது சட்டென்று புரியும்.

இன்றைய உயிரியலில் வித்தியாசம் தெளிவு. கடித்தோ கொட்டியோ உடம்புக்குள் செலுத்தப்படுவது வெனம். தின்றோ சுவாசித்தோ தோல் வழியாகவோ நாமாக உள்ளே வாங்கிக்கொள்வது பாய்சன்.

கேள்வி: 'டாக்ஸிக்' எந்த வகை?

பதில்: அது அம்பு வகை. கிரேக்கத்தில் 'டாக்ஸான்' என்றால் வில். அம்பு முனையில் தடவும் விஷம் லத்தீனில் 'டாக்ஸிகும்' ஆனது. போதையைச் சொல்லும் 'இன்டாக்ஸிகேட்'கூட முதலில் விஷம் வைப்பதைத்தான் குறித்தது.

கேள்வி: வைரஸும் லத்தீனாமே?

பதில்: ஆமாம், லத்தீனில் அதற்கு விஷம், பிசுபிசுப்பான நீர் என்று பொருள். நோய் பரப்பும் சீழையும் மருத்துவர்கள் அப்படித்தான் சொல்லிவந்தார்கள். 1898-இல் நெதர்லாந்தின் பெய்ஜரிங்க், நோய் பிடித்த புகையிலைச் செடியின் சாற்றை பாக்டீரியா புக முடியாத பீங்கான் வடிகட்டியில் வடித்துப் பார்த்தார். வடித்த சாறும் நோயைப் பரப்பியது. அதற்குள் இருந்த, கண்ணுக்குத் தெரியாத அந்த ஒன்றுக்கு அவர் வைரஸ் என்ற பழைய சொல்லையே பயன்படுத்தினார். எலக்ட்ரான் நுண்ணோக்கியில் அதன் உருவம் முதன்முதலாகத் தெரிந்தது 1939-இல்தான்.