ஓரத்து மரம் பெருக்கிறது, நடுமரம் ஏன் குச்சியாக நிற்கிறது?
மரப்பயிர் கேள்வி – பதில்

ரெண்டு ஏக்கரில் ஆறரை அடி இடைவெளியில் தேக்கு நட்டு ஏழு வருஷம் ஆகிறது. சொட்டுநீர் உண்டு. வரப்போரம் நிற்கிற மரங்கள் ரெண்டு அடி சுற்றளவு வந்துவிட்டன. உள்ளே நிற்பவை நாற்பது அடி உயரம் போயும் பதின்மூன்று அங்குலம்தான். இதுவரை ஒரு மரம்கூட வெட்டவில்லை. யூரியா கூட்டிப் போட்டால் பெருக்கும் என்கிறார்கள். போடலாமா?
– வாசகர், அரூர்

போட வேண்டாம். உங்கள் கேள்வியிலேயே பதில் இருக்கிறது. ஓரத்து மரத்துக்கும் நடுமரத்துக்கும் மண் ஒன்று, தண்ணீர் ஒன்று, நாற்றும் ஒன்று. ஓரத்து மரத்துக்கு ஒரு பக்கம் திறந்த வெளி இருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். ஓரம், நடு என்று பார்க்காமல் எல்லா மரமும் இளைத்திருந்தால் மண்ணைச் சந்தேகப்படலாம். உங்கள் பக்கத்தில் பல நிலங்களில் மூன்றடி தோண்டினாலே சுக்கான் பாறை, அதாவது இறுகிய சுண்ணாம்புப் படிவம், தட்டும். அங்கே தேக்கு உயரமே போகாது. உங்கள் மரம் நாற்பது அடி போயிருக்கிறது, ஆகவே நிலம் குற்றவாளி அல்ல.

மரத்தின் உயரத்தைப் பெரும்பாலும் மண்ணின் ஆழமும் ஈரமும் தீர்மானிக்கின்றன. பருமனைத் தீர்மானிப்பது தழைக் கொண்டை. ஆறரை அடிக்கு ஆறரை அடி என்றால் ஒரு மரத்துக்கு வானத்தில் 4 சதுர மீட்டர் இடம். நாலாவது, ஐந்தாவது வருஷத்தில் கொண்டைகள் முட்டிக்கொள்ளும். கீழ்க்கிளைகள் நிழலில் காயத் தொடங்கும். அதன் பிறகு மரம் வெளிச்சத்துக்காக மேலே ஓடுமே தவிர, அடிமரத்தில் சதை போடாது. யூரியா போட்டால் அந்த ஓட்டம்தான் இன்னும் கூடும்.

நடுத்தோப்பில் நின்று அண்ணாந்து பாருங்கள். நாற்பது அடியில் பச்சைத் தழை எத்தனை அடிக்கு இருக்கிறது? மூன்றில் ஒரு பங்காவது இருக்க வேண்டும். பச்சை பத்தடிக்கும் குறைவாகச் சுருங்கியிருந்தால் ஏற்கெனவே தாமதம். இன்னொரு கணக்கும் உண்டு. உயரத்தை விட்டத்தால் வகுத்துப் பாருங்கள். 13 அங்குலச் சுற்றளவு 33 செ.மீ., விட்டம் பத்தரை செ.மீ. உயரம் 12 மீட்டர், அதாவது 1,200 செ.மீ. வகுத்தால் 114 வருகிறது. ஓரத்து மரத்துக்கு இதே கணக்கு 62தான். நூறைத் தாண்டிய மரம் பக்கத்து மரங்களின் தயவில் நிற்கிறது. சுற்றிலும் உள்ளதை ஒரேயடியாக வெட்டினால் ஆடிக்காற்றில் வில்லாக வளைந்துவிடும், பிறகு நிமிராது.

இதனால்தான், ஐந்தாம் வருஷம் ஒன்றுவிட்டு ஒரு மூலைவிட்ட வரிசையை எடுத்து பாதியாகக் குறைக்கிற வழக்கமான முறையை உங்களுக்குச் சொல்ல மாட்டோம். சரியான காலத்தில் கலைப்பவர்களுக்கு, அதாவது இடையிடையே மரம் எடுத்து நெருக்கம் குறைப்பவர்களுக்கு, அது சரி. நீங்கள் தவணையாகப் போக வேண்டும். நான்கு மரங்களை ஒரு சதுரமாக எடுத்துக்கொண்டு, அதில் மோசமான ஒன்றை மட்டும் எடுங்கள். கவை பிரிந்தது, கோணல், கொண்டை ஒடிந்தது, பக்கத்து மரத்தின் கீழ் அமுங்கிப்போனது என்ற வரிசையில் தேர்வு செய்யுங்கள். ஏக்கருக்கு 1,000 என்பது 750 ஆகும். இரண்டு வருஷம் கழித்து 500 ஆக்குங்கள். கொண்டைகள் மறுபடி முட்டும்போது, அநேகமாகப் பதினொன்று பன்னிரண்டாம் வருஷத்தில், 250 வரை இறக்கலாம். வெளி வரிசை இரண்டை மட்டும் முதல் தவணையில் தொடாதீர்கள், காற்றைத் தடுப்பவை அவைதான்.

எந்த மரம் போக வேண்டும் என்ற குறியைக் கார்த்திகையிலேயே பெயிண்டால் போட்டுவிடுங்கள். தை, மாசியில் தேக்கு இலை உதிர்த்துவிட்டால் எது அமுங்கியது, எது ஓங்கியது என்று தெரியாது. வெட்டுவது இலை உதிர்ந்த பிறகு. கனம் குறைவாக இருக்கும், விழும்போது நல்ல மரத்தின் கொண்டையையும் அவ்வளவாகக் கிழிக்காது. தரையிலிருந்து அரையடிக்குள் சாய்வாக வெட்டுங்கள். தூரிலிருந்து சிம்பு, அதாவது புதுத் துளிர், கிளம்பும். விட்டால் தண்ணீரைப் பங்கு போடும், இரண்டு முறை தட்டிவிட வேண்டும். நிற்கும் மரங்களின் தண்டிலும் திடீர் வெளிச்சத்தால் சிம்புகள் முளைக்கும். பச்சையாக இருக்கும்போதே கத்தியால் ஒட்டச் சீவாவிட்டால் பலகையில் கணு விழும்.

வெட்டிய தூரை ஈரத்துணியால் துடைத்துவிட்டுப் பாருங்கள். தேக்கில் வருஷத்துக்கு ஒன்றாக விழும் வளையம் கண்ணுக்கே தெரியும். நடுவிலிருந்து முதல் நாலைந்து வளையங்கள் அகலமாகவும் அடுத்தவை நூல்நூலாகவும் இருக்கும். எந்த இடத்தில் சுருங்குகிறதோ அந்த வருஷமே கலைத்திருக்க வேண்டும். நம் பக்கம் தென்மேற்கும் வடகிழக்கும் இரண்டும் பெய்வதால், இடையில் வறட்சி விழுந்தால் ஒரே வருஷத்தில் போலி வளையம் ஒன்று விழலாம். முழுச்சுற்றும் வராமல் பாதியில் மறைவதை எண்ணாதீர்கள்.

சொட்டுவானை இன்னும் அடிமரத்தை ஒட்டி வைத்திருந்தால் மூன்றடி தள்ளி வையுங்கள். ஈரம் இருக்கும் இடத்தில்தான் வேர் குவியும். வெட்டிய கம்புகள் சாரத்துக்கும் கொட்டகைக் காலுக்கும் போகும். பந்தல் காலுக்கு நல்ல விலை எதிர்பார்க்காதீர்கள், கல்லுக்கால் மலிந்த வட்டாரம் இது. வெட்டுவதற்கு முன் வனச்சரக அலுவலகத்தில் கேட்டு, ஏற்றிச் செல்வதற்கான சீட்டை வாங்கிவிடுங்கள்.

மர வியாபாரி ஒருமுறை இடுப்பளவில் டேப் சுற்றுகிறார், இன்னொருமுறை நெஞ்சளவில். கன அடிக்கு விலை பேசுகிறார். நாமே அளப்பது எப்படி?
– வாசகர், பாலக்கோடு

நிற்கிற மரத்துக்கு அளவு உயரம் தரையிலிருந்து 1.37 மீட்டர், அதாவது நாலரை அடி. அந்த நீளத்துக்கு ஒரு குச்சி வெட்டிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். சரிவில் நிற்கும் மரத்தை மேட்டுப் பக்கத்தில் நின்று அளக்க வேண்டும். அந்த உயரத்தில் முண்டு இருந்தால், முண்டுக்கு மேலும் கீழும் சம தூரத்தில் அளந்து சராசரி எடுங்கள். நாலரை அடிக்குக் கீழேயே கவை பிரிந்திருந்தால் இரண்டு மரமாக எண்ணுங்கள். டேப் தண்டுக்குக் குறுக்காக நேராக ஓட வேண்டும். பின்பக்கம் அரை அங்குலம் தொய்ந்தாலும் சுற்றளவு கூடுதலாகக் காட்டும்.

வெட்டிய கட்டைக்கு வழக்கில் இருப்பது கால்சுற்று முறை. கட்டையின் நடுவில் சுற்றளவை அங்குலத்தில் எடுத்து, நாலால் வகுத்து, அதை அதாலேயே பெருக்கி, அடிக்கணக்கு நீளத்தால் பெருக்கி, 144ஆல் வகுக்க வேண்டும். நடுச்சுற்று 36 அங்குலம், நீளம் 10 அடி என்றால் 9 × 9 × 10 ÷ 144, அதாவது 5.6 கன அடி. அந்தக் கட்டையில் உண்மையில் இருப்பது 7.2 கன அடி. அறுப்புக் கழிவுக்காக நூற்றுக்கு 21 பங்குக்கு மேல் இந்த முறையே கழித்துவிடுகிறது. வியாபார வழக்கம் அது, ஏமாற்று என்று சொல்ல முடியாது. ஆனால் நடுவை விட்டு நுனிப்பக்கம் டேப் போட்டால் கதை வேறு. நுனிச் சுற்று 30 அங்குலம் என்றால் அதே கட்டை 3.9 கன அடியாகிவிடும். அதற்கு மேல் 'பட்டைக்குத் தனியாக' என்று கேட்டால் அங்கேயே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்.

தோப்பு எப்படி வளர்கிறது என்று தெரிய, 20 மீட்டருக்கு 20 மீட்டர் ஒரு சதுரம் கயிறு கட்டுங்கள். ஏறக்குறைய பத்து சென்ட். ஓரத்தில் கட்டாதீர்கள், நான்கைந்து வரிசை உள்ளே போங்கள். மரங்களுக்கு எண் போட்டு, அளக்கும் இடத்தில் பெயிண்டால் ஒரு கோடு போட்டு, வருஷாவருஷம் ஒரே மாதத்தில் அளந்து எழுதுங்கள். மாசி நல்லது. மழைக்காலத்தில் பட்டை ஊறி உப்பியிருக்கும், அது வளர்ச்சி அல்ல. கொண்டைகள் முட்டியிருக்கும் நிலையில், இரண்டு வருஷம் தொடர்ந்து சுற்றளவு கூடுவது முன்னைவிடப் பாதியாகக் குறைந்தால் கலைக்க வேண்டிய நேரம்.

சந்தனம் மட்டும் பத்தடிக்குப் பத்தடி நட்டேன். மூன்றாம் வருஷம் இலை மஞ்சளாகி நிற்கிறது. உரம் போட்டும் தேறவில்லை.
– வாசகர், தளி

'மட்டும்' என்பதுதான் கோளாறு. சந்தனம் பாதி ஒட்டுண்ணி. இலையில் தானே உணவு சமைக்கும், ஆனால் தண்ணீரிலும் சத்துகளிலும் பெரும்பங்கைப் பக்கத்துச் செடியின் வேரில் பற்றிக்கொண்டு உறிஞ்சும். துணைச்செடி இல்லாத சந்தனத்துக்கு உரத்தை ஊட்டினாலும் முழுக்கப் போய்ச் சேராது.

முதல் மழைக்கே ஒவ்வொரு கன்றையும் சுற்றி ஒன்றரை, இரண்டு அடி தள்ளித் துவரை ஊன்றுங்கள். அது இரண்டு வருஷம் தாங்கும். அதற்குள் நிலையான துணை வளர வேண்டும். நான்கு சந்தனத்துக்கு நடுவில் ஒன்றாகச் சவுக்கு, புங்கன், சரக்கொன்றை இவற்றில் ஒன்றை நடுங்கள். துணைமரம் சந்தனத்தின் தலைக்கு மேல் போர்வை போடக் கூடாது. இளமையில் அரைநிழல் பிடிக்கும், வளர்ந்த பிறகு உச்சிக்கு வெயில் வேண்டும். ஆகவே வருஷம் ஒருமுறை துணையைக் கவாத்து செய்யுங்கள். வேரோடு வெட்டி எறிந்தால் சந்தனம் மறுபடி பட்டினி.

இலைகள் சிறுத்து, விறைத்து, கிளை நுனியில் கதிர் மாதிரிக் கொத்தாக நிற்கிறதா என்றும் பாருங்கள். அப்படியானால் அது கதிர்நோய். பைட்டோபிளாஸ்மா என்ற நுண்ணுயிரி காரணம், தத்துப்பூச்சி பரப்பும். மருந்து தேடிக் காலம் போக்காமல் அந்த மரத்தை வேரோடு எடுத்துவிடுங்கள். தண்டில் ஓட்டையும் அடியில் மரத்தூள் உருண்டைகளும் இருந்தால் தண்டுத் துளைப்பான் என்ற புழு.

வைரம், அதாவது மணமுள்ள நடுக்கட்டை, பாய்வது வெளிச் சுற்றளவில் தெரியாது. ஒரே பருமனுள்ள இரண்டு மரங்களில் ஒன்றில் வைரம் இருக்கும், இன்னொன்றில் இருக்காது. மரத்துக்குப் பத்து வயது ஆகும் முன்பே வருமானக் கணக்குப் போட்டு யாராவது நீட்டினால் நம்ப வேண்டாம். மரங்களைக் கிராம நிலக்கணக்கான அடங்கலில் ஏற்றி வையுங்கள். வெட்டுவதும் விற்பதும் வனத்துறை வழியாகத்தான்.

மலைவேம்பு இரண்டு வருஷத்தில் முப்பது அடி. காற்றில் வரிசையாக ஒடிகிறது.
– வாசகர், காரிமங்கலம்

பெரும்பாலும் கவாத்துப் பிழை. உச்சியில் ஒரு குடை மட்டும் விட்டுக் கீழே முழுக்கச் சீவினால், கனமெல்லாம் மேலே சேர்ந்து தண்டு நடுவில் முறியும். மரத்தின் மேல்பாதித் தழையைத் தொடாதீர்கள். கீழ்க்கிளைகளைக் கட்டைவிரல் பருமனிலேயே, ஆறு மாதத்துக்கு ஒருமுறை, தண்டை ஒட்டி, ஆனால் கிளை தண்டோடு சேரும் அடிமுண்டைச் சிதைக்காமல் எடுங்கள். தழைச்சத்தையும் தண்ணீரையும் அளவுக்கு மீறிக் கொடுத்தாலும் கட்டை மிருதுவாக ஓடும். ஒடிந்ததை அடியில் வெட்டிவிட்டால் துளிர்க்கும், அதில் ஒன்றை மட்டும் வளர விடுங்கள்.

தைலமரம் வெட்டிய தூரில் பத்துப் பன்னிரண்டு சிம்பு. எத்தனை விடலாம்?
– வாசகர், பென்னாகரம்

இரண்டு. பக்கத்துத் தூர் செத்திருந்தால் மூன்று. சிம்புகள் ஆளுயரம் வந்த பிறகு எடுங்கள், முன்னதாக எடுத்தால் புதிதாகக் கிளம்பிக்கொண்டே இருக்கும். தூரின் மேல் விளிம்பில் முளைத்தது காற்றில் பிய்த்துக்கொண்டு வரும், தரையை ஒட்டி முளைத்ததையே விடுங்கள். இலைக்காம்பிலும் நடுநரம்பிலும் முடிச்சு முடிச்சாக வீங்கியிருந்தால் அது முடிச்சுக் குளவி. அந்தத் தூர்களைக் காப்பாற்றப் பார்ப்பதைவிடத் தோண்டி எடுத்துவிட்டு வேறு ரகம் நடுவது செலவு குறைவு.