செயற்கைக்கோள் படத்தில் நம்ம கொல்லை: தருமபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களின் கேள்வி பதில்

நாசாவும் இஸ்ரோவும் சேர்ந்து செய்த நிசார் செயற்கைக்கோள் 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து மேலே போனது. அதன் பிறகு இரண்டு மாவட்டத்திலிருந்தும் வந்த கேள்விகளைக் கீழே தொகுத்துப் பதில் எழுதியிருக்கிறேன். காசு கொடுக்காமல் கிடைக்கும் தரவுகளைப் பற்றி மட்டுமே பேசுகிறேன்.

கேள்வி (காவேரிப்பட்டணம், மா விவசாயி): நாலு ஏக்கர் பெங்களூரா தோப்பு சார். நிசார் விட்டாச்சு, இனிமே எந்த மரத்துக்கு என்ன நோவுன்னு போன்லயே தெரிஞ்சுடும்ங்கறாங்க. நெசமா?

பதில்: இல்லைங்க. நிசார் கேமரா கிடையாது, ரேடார். தானே அலையை அனுப்பி, திரும்பி வருவதை வாங்கிக்கொள்கிறது. அதனால் மேகம், இருட்டு எதுவும் அதற்குத் தடையில்லை. ஆனால் இலையின் நிறம் அதற்குத் தெரியாது. இலையின் பசுமை வேண்டுமென்றால் ஐரோப்பாவின் கேமரா செயற்கைக்கோளான சென்டினல்-2 தான் உங்களுக்குத் தோது.

அதிலும் ஒரு சிக்கல் உண்டு. சென்டினல்-2 படத்தின் ஒரு புள்ளி தரையில் 10 மீட்டருக்கு 10 மீட்டர். பழைய மாந்தோப்பில் மரத்துக்கு மரம் இடைவெளியும் அதே 10 மீட்டர்தான். ஒரு புள்ளிக்குள் ஒரு மரமும் அதைச் சுற்றியுள்ள வெறுந்தரையும் கலந்தே வரும். மழைக்குப் பின் அடியில் புல் முளைத்தால் பசுமைக் குறியீடு (இலைப்பசுமை எவ்வளவு என்று காட்டும் எண்) ஏறும், தோப்பை ஏர் ஓட்டினால் இறங்கும். இரண்டிலும் மரத்துக்கு ஒன்றும் ஆகியிருக்காது. ஊடுபயிராகக் கொள்ளு விதைத்திருந்தால் நீங்கள் பார்ப்பது கொள்ளின் பசுமை.

எனவே தோப்பைப் பார்க்க ஏற்ற காலம் தரை காய்ந்து கிடக்கும் பிப்ரவரி, மார்ச். இந்த ஆண்டு மார்ச்சைப் போன ஆண்டு மார்ச்சோடு ஒப்பிடுங்கள். பக்கத்துத் தோப்போடு ஒப்பிடாதீர்கள், அவர் மரத்தின் வயதும் இடைவெளியும் வேறு. ஒரு மூலை மட்டும் தொடர்ந்து வெளிறினால் அங்கே நடந்து போய்ப் பாருங்கள். சொட்டுநீர்க் குழாய் அடைப்பா, வேர் அழுகலா, தத்துப்பூச்சியா என்று படம் சொல்லாது. எங்கே போய்ப் பார்க்கணும் என்பதை மட்டும்தான் சொல்லும்.

கேள்வி (பாலக்கோடு, தக்காளி விவசாயி): அந்தப் படத்தை எப்படிப் பாக்கறது? படிப்படியா சொல்லுங்க சார். நம்மகிட்ட இருக்கறது முக்கால் ஏக்கர்தான்.

பதில்: கோப்பர்நிகஸ் பிரவுசர் என்ற இணையதளத்தைத் திறந்து, மின்னஞ்சல் கொடுத்து இலவசக் கணக்கு தொடங்குங்கள். ஊர்ப் பெயரைத் தேடி உங்கள் கொல்லைக்குப் பெரிதாக்குங்கள். சென்டினல்-2 எல்2ஏ என்பதைத் தேர்ந்தெடுங்கள். எல்1சி வேண்டாம், அதில் காற்றுமண்டலத்தின் மங்கல் நீக்கப்பட்டிருக்காது. மேக அளவை 30 சதவீதத்துக்குக் கீழே வையுங்கள். தேதிப் பெட்டியில் படம் உள்ள நாட்கள் குறிக்கப்பட்டிருக்கும். முதலில் இயற்கை நிறத்தில் பார்த்து, உங்கள் கொல்லை மேல் மேகமோ மேக நிழலோ இல்லை என்று உறுதி செய்த பிறகுதான் என்டிவிஐ என்ற பசுமைக் குறியீட்டுக்கு மாற வேண்டும். இதை விட்டுவிட்டுப் "பயிர் திடீர்னு பட்டுப்போச்சு" என்று பதறுகிறவர்கள் நிறைய. பெரும்பாலும் அது மேக நிழல்.

அடுத்து, கொல்லையின் எல்லையை வரையுங்கள். வரப்பிலிருந்து பத்து மீட்டர் உள்ளே தள்ளி வரைய வேண்டும். ஓரப் புள்ளிகளில் வரப்புத் தென்னையும் பாதையும் கலந்துவிடும். ஓர் ஏக்கர் என்பது 4,047 சதுர மீட்டர், அதாவது ஏறக்குறைய 40 புள்ளி. ஓரத்தை விட்டால் பதினாறு தேறும். முக்கால் ஏக்கரில் ஒன்பது, பத்து. கால் ஏக்கரில் சுத்தமான புள்ளி ஒன்று கிடைத்தால் அதிர்ஷ்டம். உங்கள் கொல்லை நீள வாக்கில் ஒடுங்கிய துண்டாக இருந்தால் இந்த வேலையே வேண்டாம் என்பேன்.

இன்னொன்று, மல்ச்சிங் ஷீட் போட்ட தக்காளியில் முதல் ஒரு மாதம் நீங்கள் பார்ப்பது பிளாஸ்டிக்கைத்தான்.

கேள்வி (தருமபுரி, கல்லூரி மாணவி): சார், க்யூஜிஐஎஸ் வரைபட மென்பொருளில் 2020 முதல் 2024 வரை என்டிவிஐ கணக்கிட்டேன். 2022-க்குப் பிறகு மாவட்டம் முழுவதும் பசுமை சரிந்ததாக வருகிறது. வறட்சி என்று எழுதலாமா?

பதில்: எழுத வேண்டாம்மா. சரிந்திருப்பது உங்கள் கணக்கு. 2022 ஜனவரி 25 முதல் சென்டினல்-2 கோப்புகளில் ஒவ்வொரு எண்ணோடும் 1000 கூட்டித் தருகிறார்கள். அதைக் கழிக்காமல் சூத்திரத்தில் போட்டிருக்கிறீர்கள்.

என்டிவிஐ என்பது பி8 (கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புப் பட்டை) எண்ணிலிருந்து பி4 (சிவப்புப் பட்டை) எண்ணைக் கழித்து, இரண்டின் கூட்டலால் வகுப்பது. பி4 500, பி8 3500 என்றால் 3000-ஐ 4000-ஆல் வகுக்க 0.75. அதே பயிருக்குப் புதிய கோப்பில் 1500, 4500 என்று வரும். மேலே அதே 3000தான். கீழே 6000 ஆகிவிடுகிறது, விடை 0.5. பயிர் அப்படியே இருக்க, குறியீடு மூன்றில் ஒரு பங்கு விழுந்துவிட்டது. முதலில் ஒவ்வொரு பட்டையிலும் 1000-ஐக் கழித்து, பிறகு கணக்கிடுங்கள். சில தளங்கள் இதைத் தாங்களே சரிசெய்து தருகின்றன. அங்கே மறுபடி கழித்தால் தவறு எதிர்ப்பக்கம் போகும். அடர்ந்த பயிரில் பி4-இன் எண் 1000-க்கும் கீழே இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது ஏற்கெனவே கழித்த கோப்பு.

கேள்வி (அதே மாணவி): பென்னாகரமும் தருமபுரியும் ஒரே படத்தில் ஒட்டவில்லை. இடைவெளி விழுகிறது, சாய்ந்தும் நிற்கிறது.

பதில்: நம்ம ஊருக்கென்றே அமைந்த தொல்லை இது. 78 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகை இரண்டு மாவட்டத்தையும் வகிர்ந்துகொண்டு போகிறது. வரைபடத்துக்காக உலகை நீளவாக்கில் மண்டலங்களாகப் பிரிக்கும் யூடிஎம் முறையில், அதற்கு மேற்கே 43-ஆம் மண்டலம், கிழக்கே 44. ஓசூர், தேன்கனிக்கோட்டை, பென்னாகரம், ஒகேனக்கல் 43-இல். கிருஷ்ணகிரி, தருமபுரி, பாலக்கோடு, அரூர் 44-இல். படங்களை இணைக்கும் முன் எல்லாவற்றையும் ஒரே மண்டலத்துக்கு, அதாவது 44-ஆம் மண்டலத்தின் 32644 என்ற குறியெண்ணுக்கு, மாற்றுங்கள். மாற்றும்போது அண்மைப் புள்ளி முறையைத் தேர்ந்தெடுத்தால் எண்கள் கலங்காது. பரப்பளவையும் மாற்றிய பிறகே கணக்கிடுங்கள். டிகிரியில் கணக்கிட்டுச் "சதுர மீட்டர்" என்று போட்ட ஆய்வேடுகள் இன்னும் வந்துகொண்டுதான் இருக்கின்றன.

கேள்வி (கிருஷ்ணகிரி, ஆசிரியர்): அமெரிக்காவும் நாமும் ஏன் ஒரே செயற்கைக்கோளைச் சேர்ந்து செய்ய வேண்டும்? யார் எதைச் செய்தார்கள்? மாணவர்களுக்குச் சொல்ல வேண்டும்.

பதில்: ஒப்பந்தம் 2014-இல் கையெழுத்தானது. 24 செ.மீ. அலைநீள எல் பட்டை ரேடாரும் 12 மீட்டர் விட்டமுள்ள வலைத் தட்டு ஆன்டெனாவும் நாசாவுடையவை. சுமார் 9 செ.மீ. அலைநீள எஸ் பட்டை ரேடார், செயற்கைக்கோளின் உடல், ஜிஎஸ்எல்வி-எஃப்16 ராக்கெட், ஏவுதல் ஆகியவை இஸ்ரோவின் பங்கு. எடை 2,392 கிலோ, உயரம் 747 கி.மீ. 12 நாளுக்கு ஒருமுறை அதே பாதைக்குத் திரும்பும்.

இரண்டு அலைநீளம் ஏன் என்பதை மாணவர்களுக்கு மரத்தை வைத்து விளக்கலாம். தன் அளவை ஒத்த பொருளில்தான் ரேடார் அலை நன்றாகச் சிதறும். ஐரோப்பாவின் ரேடார் செயற்கைக்கோளான சென்டினல்-1-இன் 5.6 செ.மீ. அலை இலையிலும் சிறு கிளையிலுமே பெரும்பாலும் நின்றுவிடும். 24 செ.மீ. அலை இலையைக் கடந்து பெருங்கிளை, அடிமரம், தரை வரை போகும். மேலகிரிக் காட்டின் மரத்திணிவை அளக்க எல், கேழ்வரகு போன்ற சன்னமான பயிருக்கு எஸ் என்று பிரித்துக்கொள்ளலாம்.

கேள்வி (ராயக்கோட்டை): மண் ஈரத்தைச் சொல்லுமாமே? அதைப் பாத்து தண்ணி கட்டலாமா?

பதில்: நிசாரின் மண் ஈரத் தரவு 200 மீட்டர் சதுரத்துக்கு ஓர் எண். அதாவது பத்து ஏக்கருக்கு ஒன்று. அதற்குள் உங்கள் கிணற்றுப் பாசனமும் பக்கத்து மானாவாரியும் அடங்கிவிடும். அதோடு அது காட்டுவது மேல்மண் ஐந்து செ.மீ. ஈரம். தக்காளி வேர் அதற்குக் கீழே இருக்கிறது. வட்டார அளவில் விதைப்புக்கு ஈரம் சேர்ந்ததா என்று பார்க்க இது நல்லது. தண்ணீர் கட்ட, அரை அடி தோண்டி ஒரு பிடி மண்ணை உருட்டிப் பாருங்கள்.

கேள்வி (ஊத்தங்கரை): போர் போட பாயிண்ட் சேட்டிலைட்ல பாத்து சொல்றோம்னு ஒருத்தர் அஞ்சாயிரம் கேக்கறார். குடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். நிலத்தடி நீரை எடையாக அளக்கும் செயற்கைக்கோள் இணை ஒன்று உண்டு. அமெரிக்காவும் ஜெர்மனியும் சேர்ந்து அனுப்பிய கிரேஸ், 2002 முதல் 2017 வரை ஓடியது. 2018 முதல் அதன் வாரிசு ஓடுகிறது. ஏறக்குறைய 220 கி.மீ. இடைவெளியில் இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். கீழே நிறை கூடினால் ஈர்ப்பு மாறி அந்த இடைவெளி மயிரிழையளவு மாறும், அதிலிருந்து கணக்கிடுவார்கள். அறிவியலாகப் பார்த்தால் அற்புதம். ஆனால் அது பிரித்தறியும் அளவு சுமார் 300 கி.மீ. நம்ம இரண்டு மாவட்டமும் சேர்ந்தே பத்தாயிரம் சதுர கி.மீ.க்குள் அடங்கும், அதன் ஒரு கட்டத்தில் இப்படி ஒன்பது விழும். அதை வைத்து உங்கள் கொல்லையில் பாயிண்ட் சொல்ல முடியாது.

இங்கே இருப்பது கடினப் பாறை. தண்ணீர் நிற்பது சிதைந்த மேல்மண்ணிலும் பாறை வெடிப்பிலும். பெரிய வெடிப்புகள் தரையில் நேர்கோடாக, ஓடைத் திருப்பமாக, மரவரிசையாகத் தெரியும். அதைப் படத்தில் குறிக்கலாம். அவ்வளவுதான் மேலிருந்து ஆகும். அதன்பின் அந்தக் கோட்டுக்குக் குறுக்கே நிலத்துக்குள் மின்சாரம் செலுத்தி மின்தடை அளவீடு செய்ய வேண்டும். அந்த ஐயாயிரத்தை அதற்கு வையுங்கள்.

தண்ணீரில் கலந்திருக்கும் ஃவுளோரைடு உப்பும் இதே கதைதான், எந்தச் செயற்கைக்கோளுக்கும் தெரியாது. ஆழ்துளைத் தண்ணீரைக் குடிப்பவர்கள் ஆய்வகத்தில் கொடுத்துப் பாருங்கள். லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை சரி, 1.5-ஐத் தாண்டினால் குடிக்கக் கூடாது. கொதிக்க வைத்தால் தண்ணீர் சுண்டி ஃவுளோரைடு கூடத்தான் செய்யும். ஜப்பான் கடனுதவியில் ஒகேனக்கல் குடிநீர்த் திட்டம் வந்ததே இதற்காகத்தான்.

கேள்வி (காவேரிப்பட்டணம், மாணவர்): கேஆர்பி அணையின் நீர்ப்பரப்பைப் படத்திலிருந்து அளக்கிறேன். சில மாதம் தண்ணீர் பாதியாகக் காட்டுகிறது. அணை மட்டம் அப்படி இறங்கவில்லை.

பதில்: பச்சைப் பட்டையையும் பி8-ஐயும் வைத்து நீர்க் குறியீடு போட்டிருப்பீர்கள். ஆகாயத்தாமரையும் பாசியும் படர்ந்தால் அந்த இடம் நிலம் என்றே வரும். அதே வாரத்தின் சென்டினல்-1 ரேடார் படத்தை எடுத்துப் பாருங்கள். அமைதியான நீர் ரேடாரில் கறுப்பு. ஆனால் காற்றடித்து அலை எழும்பினால் வெளிறும், வழவழப்பான தார்ச்சாலையும் காய்ந்த மணலும் கறுப்பாகவே தெரியும். தாமரை படர்ந்த பகுதி ரேடாரிலும் வெளிறித்தான் இருக்கும். இரண்டு படத்தையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்துத்தான் முடிவுக்கு வர வேண்டும்.

ஊர் ஏரிகளில் நிலைமை வேறு. சீமைக்கருவேலத்துக்கு அடியில் நிற்கும் தண்ணீர் கேமராவுக்கும் தெரியாது, 5.6 செ.மீ. ரேடாருக்கும் அரைகுறைதான். நிசாரின் எல் அலை இலையைத் தாண்டி நீரில் பட்டு, அடிமரத்தில் பட்டுத் திரும்பும். அதனால் அந்த இடம் கறுப்புக்குப் பதில் பளிச்சென்று இருக்கும். நம்ம பக்கத்துக்கு நிசாரால் உருப்படியான பயன் என்று கேட்டால் நான் முதலில் சொல்வது இதைத்தான். கோப்புகளை நாசாவின் எர்த்டேட்டா கணக்கில் அலாஸ்கா தரவு மையத்திலிருந்து இறக்கலாம். பெரிய கோப்புகள், செல்போன் டேட்டாவில் முயலாதீர்கள்.

கேள்வி (ஓசூர், ட்ரோன் சர்வேயர்): ஜிபிஎஸ் உயரம் 795 மீட்டர் சொச்சம் வருது. ஊர் உயரம் 880-ன்னு போட்டிருக்கு. கருவி கோளாறா?

பதில்: கருவி சரி. ஜிபிஎஸ் அளப்பது பூமியின் வடிவமாகக் கணக்குக்கு வைத்துக்கொண்ட கணித நீள்கோளத்திலிருந்து உயரம். வரைபடத்தில் உள்ளது கடல்மட்டத்திலிருந்து. இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் ஈர்ப்பு குறைந்து கடல்மட்டம் நீள்கோளத்துக்கு நூறு மீட்டருக்கும் மேல் தாழ்ந்திருக்கிறது. உலகிலேயே அதுதான் மிக ஆழமான தாழ்வு. அதன் விளிம்பு நம்ம ஊர் வரை நீள்கிறது, இங்கே வித்தியாசம் 80 மீட்டருக்கு மேல். மென்பொருளில் இஜிஎம்2008 என்ற ஜியாய்டை (கடல்மட்ட மாதிரியை) தேர்ந்தெடுங்கள். இலவச எஸ்ஆர்டிஎம் உயரத் தரவோடு ஒப்பிட்டால் அது இஜிஎம்96. இரண்டையும் கலக்காதீர்கள்.

கேள்வி (மொரப்பூர்): பக்கத்துக் கொல்லைக்காரர் வரப்பை நகர்த்திட்டார். பழைய படத்தை வெச்சு நிரூபிக்கலாமா?

பதில்: முடியாது. புள்ளியே 10 மீட்டர், வரப்பு ஓரடி. நில அளவைப் புலப்பட நகலை வாங்கி சர்வேயரைக் கூப்பிடுங்கள்.

கேள்வி (அரூர்): மழை அளவும் சேட்டிலைட்ல வருதாமே. எங்க ஊர்ல மழையே இல்ல, அதுல 20 மில்லிமீட்டர்னு காட்டுது.

பதில்: அமெரிக்காவும் ஜப்பானும் 2014-இல் அனுப்பிய ஜிபிஎம் செயற்கைக்கோளை மையமாக வைத்து, பல நாட்டுக் கோள்களின் அளவையும் சேர்த்து அரைமணிக்கு ஒருமுறை அந்த எண்ணைத் தருகிறார்கள். ஒரு கட்டம் சுமார் 11 கி.மீ. சித்திரை மாத இடிமழை ஒரு ஊரில் கொட்டி அடுத்த ஊரைத் தொடாமல் போகும், கட்டத்தின் சராசரி உங்கள் ஊருக்குப் பொருந்தாது. சித்தேரி மலைப்பக்கம் இன்னும் தடுமாறும்.

ஊருக்கு ஒரு மழைமானி வைத்துவிடலாம். வாய் 20 செ.மீ. விட்டமுள்ள புனலை ஒரு கேனில் பொருத்துங்கள். சேர்ந்த தண்ணீர் 31.4 மில்லிலிட்டர் என்றால் 1 மில்லிமீட்டர் மழை. மரமோ சுவரோ எவ்வளவு உயரமோ அதைப்போல் இரண்டு மடங்கு தூரம் தள்ளி வையுங்கள். தினமும் காலை 8.30-க்கு அளந்து எழுதுங்கள், வானிலைத் துறையின் நாள்கணக்கும் அந்த நேரத்தில்தான் முடிகிறது. மழை இல்லாத நாளில் 0 என்று எழுத வேண்டும், காலியாக விட்டால் பிறகு பார்ப்பவருக்கு மழை இல்லையா, அளக்கவில்லையா என்று தெரியாது.