ஒட்டாவாவில் கால்வாய் மேலேயே சறுக்கி விளையாடுகிறார்களே, ஐஸ் உடையாதா?

கனடாவின் தலைநகர் ஒட்டாவாவில் ரிடோ கால்வாய் குளிர்காலத்தில் உறைந்து, 7.8 கிலோமீட்டர் நீளச் சறுக்குப் பாதையாகிவிடும். கட்டணம் கிடையாது. 1971 முதல் இது நடக்கிறது. 1979-இல் இதைச் சுற்றி விண்டர்லூட் என்ற குளிர்கால விழாவும் தொடங்கியது. குழந்தையைச் சறுக்குவண்டியில் உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டு போகும் அப்பாக்களையும், முதுகில் பையோடு சறுக்கியே வேலைக்குப் போகிறவர்களையும் அங்கே பார்க்கலாம். வீட்டுக்குள் முடங்க வேண்டிய மாதங்களில் ஒரு நகரமே வெளியே வருகிறது. எனக்கு இதில் மிகவும் பிடித்தது அதுதான்.

சரி, ஐஸ் எப்படித் தாங்குகிறது? இலையுதிர் காலத்திலேயே கால்வாயின் நீர்மட்டத்தைக் குறைத்துவிடுவார்கள். தண்ணீர் 4 டிகிரி செல்சியஸில்தான் மிக அடர்த்தியாக இருக்கும். அதைவிடக் குளிர்ந்தது மேலே மிதக்கும். அதனால் மேற்பரப்பு முதலில் உறைந்து, ஐஸ் கீழ்நோக்கித் தடிக்கிறது. சுமார் 30 சென்டிமீட்டர் நல்ல ஐஸ் சேர்ந்த பிறகுதான் மக்களை விடுவார்கள். 2022–23 குளிர்காலம் போதுமான அளவு குளிரவில்லை. முதல் முறையாகப் பாதை திறக்கப்படவே இல்லை.

பனி நிறையக் கொட்டினால் ஐஸ் கெட்டியாகும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மை நேர்மாறானது: ஐஸ் பாளத்தை உமியில் புதைத்தால் வெளிச்சூடு உள்ளே போகாதது போல, மேலே கிடக்கும் பனி வெளிக்குளிரைக் கீழே விடாது, அதனால்தான் அதை வழித்துத் தள்ளிக்கொண்டே இருக்கிறார்கள்.