சப்பாத்து வருமுன் வந்த வரிச் சீட்டு

தம்பி, லண்டனுக்கு வந்து மூன்று மாதம் என்று எழுதியிருக்கிறீர்கள். அமெரிக்க விற்பனையாளரிடம் இணையத்தில் 160 பவுண்டுக்கு வாங்கிய குளிர்காலச் சப்பாத்துக்கு மேலும் பணம் கேட்டுக் குறுஞ்செய்தி வந்திருக்கிறது, இது ஏமாற்று வேலையா என்பது உங்கள் கேள்வி. ஏமாற்றாகவும் இருக்கலாம், உண்மையான வரியாகவும் இருக்கலாம். செய்தியில் உள்ள இணைப்பைத் தொடாமல், விற்பனையாளர் தந்த பார்சல் எண்ணைக் கூரியர் நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் இட்டுப் பாருங்கள். அங்கும் அதே தொகை இருந்தால் கட்டத்தான் வேண்டும்.

அனுப்பும் செலவு நீங்கலாகப் பொருளின் விலை 135 பவுண்டைத் தாண்டாவிட்டால், வாட் எனும் மதிப்புக்கூட்டு வரியை விற்பவரே விலையோடு வாங்கிவிட வேண்டும் என்பது 2021 சனவரியில் வந்த நடைமுறை. தாண்டிவிட்டால், பொருள் வந்து இறங்கும்போது சுங்க வரியும் வாட்டும் நம் தலையில் விழும். அந்த 20 சதவீத வாட், விலைக்கு மட்டுமன்றி, அனுப்பும் செலவுக்கும் காப்புறுதிக்கும் சுங்க வரிக்கும் சேர்த்தே கணக்கிடப்படும். அதாவது வரிக்கும் வரி. உங்கள் சப்பாத்துக்கு அனுப்பும் செலவு 20 பவுண்டு என்றால், வாட் மட்டுமே 36 பவுண்டுக்குக் குறையாது.

அரசாங்கத்தின் வரியைக்கூட நான் பொறுத்துக்கொள்வேன். அதை வசூலித்துத் தருவதற்கென்று பார்சல் நிறுவனம் தனியே வாங்கும் கையாளும் கட்டணத்தைத்தான் இன்றுவரை என்னால் சீரணிக்க முடியவில்லை. பொருளைத் திருப்பி அனுப்பினால் வரியைத் திரும்பப் பெற விண்ணப்பிக்கலாம், ஆகவே சீட்டை எறிந்துவிடாதீர்கள். ஆனால் அந்தக் கட்டணம் போனது போனதுதான்.

“அன்பளிப்பு என்று எழுதச் சொல்லு” என்று நம்மவர்களில் நாலு பேராவது உங்களுக்கு யோசனை சொல்வார்கள். இருபது வருடம் இங்கே வாழ்ந்தும் குறுக்கு வழியை விடாதவர்கள் அவர்கள். 39 பவுண்டு வரையான அன்பளிப்புக்கு வரி இல்லைதான். ஆனால் அது ஒருவர் இன்னொருவருக்குத் தாமாக அனுப்புவதாக இருக்க வேண்டும். கடையில் வாங்கியதை அப்படிக் காட்டுவது பொய். பிடிபட்டால் பொருளே பறிபோகலாம்.

எந்த வங்கி அட்டை நல்லது என்றும் கேட்டிருந்தீர்கள். அதை வேறு யாரிடமாவது கேளுங்கள். பணம் கட்டும் பக்கத்தில் “வரிகள் உட்பட” என்று இருக்கிறதா என்பதை மட்டும் பாருங்கள். இப்போதெல்லாம் நான் வரியை மனக்கணக்காகப் போட்டுப் பார்க்காமல் வெளிநாட்டில் ஒரு பொத்தான்கூட வாங்குவதில்லை.

2012இல் அந்தப் புத்தி இருக்கவில்லை, 2021இன் நடைமுறையும் வந்திருக்கவில்லை. இங்குள்ள கடையைவிடப் பத்துப் பவுண்டு மலிவு என்று 60 பவுண்டுக்கு ஒரு கோட்டு வரவழைத்தேன். அனுப்பும் செலவு 15. கோட்டுக்குப் பதிலாகக் கதவிடுக்கில் ஓர் அட்டை கிடந்தது: வாட் 15, கையாளும் கட்டணம் 8. இரவு வேலை முடிந்து, மெல்லிய சட்டையோடு பார்சல் கிடங்கின் வரிசையில் நடுங்கியபடி நின்று 23 பவுண்டைக் கட்டினேன். வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தால் ஓர் அளவு பெரிது. திருப்பி அனுப்பவும் காசில்லை. கையை மடித்துவிட்டு எட்டுக் குளிர்காலம் அதையே போட்டேன்.