வானத்தில் கறுப்புப் புள்ளியா? சென்சாரை மாற்றும் முன் ஒரு வெள்ளைச் சுவரைப் படமெடுங்கள்

கேள்வி: சேலம் கோரிமேட்டிலிருந்து எழுதுகிறேன். கல்யாணம், காதுகுத்து என்று படம் எடுக்கிறேன். வேலை இல்லாத நாட்களில் ஏற்காடு ஏறிவிடுவேன். போன வருடம் ஒரு 24 மெகாபிக்சல் ஃபுல் ஃப்ரேம் (பெரிய சென்சார்) மிரர்லெஸ் கேமராவை செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். பழைய கிராப் (சின்ன சென்சார்) கேமராவோடு வந்த கிட் லென்ஸையும் ஒரு 50 எம்எம் எஃப்/1.8 லென்ஸையும் மாற்றி மாற்றிப் போட்டு ஓட்டுகிறேன். அங்கே பகோடா பாயின்ட்டில் எடுத்த படங்களில் வானம் முழுக்கக் கறுப்புப் புள்ளிகள். கேமரா வாங்கிய கடையில் காட்டினால், "சென்சார் போச்சு, மாற்ற 45 ஆயிரம் ஆகும். கூடவே 24-70 எஃப்/2.8 லென்ஸ் எடுத்துக்கங்க, அப்புறம் இந்தப் பிரச்சினையே வராது" என்கிறார். கேமரா இப்போது அவரிடம்தான் இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: முதலில் கேமராவைத் திரும்ப வாங்குங்கள். "பார்த்துச் சொல்கிறேன்" என்று கடையில் வைத்துக்கொண்ட கேமரா, சீட்டு இல்லாமல் கைமாறிக் கைமாறி எங்கெங்கோ போகும். வாங்கும்போது சீரியல் எண்ணை உங்கள் பில்லோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பேட்டரியும் மெமரி கார்டும் உங்களுடையவைதானா என்றும் பாருங்கள்.

நீங்கள் சொல்லும் அறிகுறிகளை வைத்துப் பார்த்தால் அது தூசி. படத்தைப் பதியும் சில்லுதான் சென்சார், அது பழுதாகி வானத்தில் மட்டும் புள்ளி போடாது. சென்சாரின் மேல் ஒரு மெல்லிய கண்ணாடி ஒட்டியிருக்கிறது. தூசி உட்காருவது அந்தக் கண்ணாடியில்தான், சென்சாரைத் தொடுவதே இல்லை. அபெர்ச்சரை, அதாவது லென்ஸில் ஒளி புகும் ஓட்டையை, எஃப்/2.8 என்று அகலமாகத் திறந்தால் ஒளி பல கோணங்களிலிருந்து வந்து விழும், தூசியின் நிழல் கரைந்துவிடும். எஃப்/16 என்று சுருக்கினால் ஒளி சின்ன ஓட்டை வழியே நேராக வரும், நிழல் கறுப்பாக விழும். கல்யாண மேடையில் எஃப்/2.8-லும் எஃப்/4-லும் எடுக்கும்போது தெரியாத தூசி, மலையில் எஃப்/16 வைத்து வானத்தை எடுக்கும்போது தெரிவது இதனால்தான்.

கடைக்காரரின் சாமர்த்தியத்தையும் இங்கேயே புரிந்துகொள்ளுங்கள். புது லென்ஸைப் போட்டு எஃப்/2.8-ல் ஒரு படம் எடுத்துக் காட்டுவார். புள்ளி இருக்காது. "பார்த்தீங்களா, லென்ஸ் மாத்தினதும் போயிடுச்சு" என்பார். அதே லென்ஸை எஃப்/16-ல் வைத்து எடுக்கச் சொல்லுங்கள், புள்ளிகள் அதே இடத்தில் வந்து நிற்கும்.

வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள். ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 100, அபெர்ச்சர் எஃப்/16, ஃபோகஸை மேனுவலில் போட்டு இன்ஃபினிட்டிக்குத் திருப்புங்கள். வெயில் படும் வெள்ளைச் சுவருக்குக் கிட்டே போய், சுவர் கலங்கித் தெரியும்படி ஒரு படம். ஷட்டர் மெதுவாக இருந்தாலும் கவலை வேண்டாம், கேமராவைக் கொஞ்சம் அசைத்துக்கொண்டே எடுப்பது இன்னும் நல்லது. சுவரில் உள்ள அழுக்கு இழுபட்டுக் கலைந்துவிடும், சென்சார் கண்ணாடியில் உள்ளது மட்டும் அசையாமல் நிற்கும். அப்புறம் அதே சுவரை எஃப்/2.8-லோ உங்கள் லென்ஸ் திறக்கும் அளவுக்கோ வைத்து இன்னொரு படம். முதல் படத்தில் இருந்த புள்ளி இரண்டாவதில் மங்கினால் அது தூசிதான்.

சரி, சென்சார் உண்மையிலேயே போவது இல்லையா? உண்டு. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் கல்யாண வேலை செய்பவர்களுக்கு இந்த ஆபத்து இப்போது கூடிவிட்டது. ரிசப்ஷன் மேடையிலும் கோயில் திருவிழாக் கச்சேரியிலும் லேசர் விளக்கு வைக்கிறார்கள். அந்தக் கற்றை நேராக லென்ஸுக்குள் வந்தால், லென்ஸ் அதை ஒரு புள்ளியில் குவித்து சென்சார் மேல் இறக்கும். நொடியில் பிக்சல்கள் கருகிவிடும். உள்ளே மிரர் வைத்த பழைய வகையான டிஎஸ்எல்ஆரில் படம் எடுக்கும் கணம் தவிர மற்ற நேரம் அந்த மிரரும் ஷட்டரும் சென்சாரை மறைத்திருக்கும். மிரர்லெஸ்ஸில் கேமரா ஆனில் இருக்கும் வரை சென்சார் திறந்தே இருக்கிறது. வீடியோ எடுப்பவர்களுக்கும் இதே கதைதான். லேசர் பட்ட சென்சாரின் அடையாளம் வேறு: ஒளிரும் சின்னப் புள்ளிகள், அதோடு படத்தின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை நேர்கோடாக ஒரு வண்ணக் கோடு. எஃப்/2.8-லும் இருக்கும், எஃப்/16-லும் இருக்கும், லென்ஸை மாற்றினாலும் இருக்கும், லென்ஸ் மூடியைப் போட்டு எடுத்தாலும் இருக்கும். இப்படி இருந்தால் மட்டும் சென்சார் மாற்றும் பேச்சுக்குக் காது கொடுங்கள். ஒன்றிரண்டு ஒளிப்புள்ளி மட்டும் இருந்து கோடு இல்லையென்றால் அது சூடான பிக்சல். பல மிரர்லெஸ் கேமராக்களின் மெனுவில் 'பிக்சல் மேப்பிங்' என்று இருக்கும், அதை ஒரு தடவை ஓட்டினால் சரியாகிவிடும், காசே ஆகாது. லேசர் வைத்த மண்டபத்தில் வேலை என்றால், மேடை விளக்குக்காரரிடம் முன்கூட்டியே பேசிக் கற்றையைக் கூட்டத்துக்கு மேலே திருப்பச் சொல்லுங்கள். அவர் கேட்காவிட்டால், லேசர் ஓடும் நேரத்தில் லென்ஸை அந்தப் பக்கம் காட்டாதீர்கள்.

இனி சுத்தம் செய்வது. பெரும்பாலான தூசி, கையால் அமுக்கிக் காற்றடிக்கும் ரப்பர் ப்ளோயருக்கே போய்விடும். பேட்டரி முழுதாக இருக்கட்டும். மெனுவில் சென்சார் சுத்தம் செய்யும் நிலை இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். சில மிரர்லெஸ் கேமராக்கள் ஆஃப் செய்ததும் ஷட்டர் திரையை மூடிக்கொள்ளும். லென்ஸ் மாற்றும்போது அது நல்ல வசதி, ஆனால் மூடிய திரை மேல் காற்றடித்தால் திரை நசுங்கும், அது சென்சார் தூசியைவிடப் பெரிய செலவு. சென்சார் கண்ணுக்குத் தெரிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் ஊத வேண்டும். கேமராவின் வாயைக் கீழே பார்த்துப் பிடியுங்கள். ப்ளோயரை முதலில் வெளியே இரண்டு தடவை அமுக்கி அதற்குள் இருக்கும் தூசியை விரட்டுங்கள். அதன் மூக்கு, லென்ஸ் மாட்டும் மவுன்ட் வளையத்தைத் தாண்டி உள்ளே போகக் கூடாது. எட்டுப் பத்துத் தடவை அமுக்கிவிட்டு லென்ஸைப் போட்டு மறுபடி சுவர்ச் சோதனை. படத்தில் மேல் இடது மூலையில் புள்ளி தெரிந்தால், கேமராவை முன்னாலிருந்து பார்க்கும்போது அந்தத் தூசி கீழ் இடது மூலையில் இருக்கும். பிம்பம் சென்சாரில் தலைகீழாக விழுவதால் வரும் வேறுபாடு.

வாயால் ஊதாதீர்கள், எச்சில் துளி ஒட்டிக் கறையாகும். கம்ப்யூட்டர் கடையில் விற்கும் காற்று டப்பா வேண்டாம், திரவம் பீய்ச்சி அடிக்கும். பங்சர் கடைக் காற்றை நினைத்தும் பார்க்காதீர்கள்.

ப்ளோயருக்கு அசையாதது ஒட்டும் அழுக்கு. ஹோமப் புகையில் வரும் நெய்ப் பிசுக்கு, பூவின் மகரந்தம், வண்ணப் பொடி இதெல்லாம் அந்த வகை. ஏற்காட்டில் காப்பி பூக்கும் நாட்களில் தோட்டத்துக்குள் நின்று லென்ஸ் மாற்றுபவர்களுக்கும் இது வரும். இதற்குத்தான் ஸ்வாப், அதாவது சென்சார் துடைக்கும் மெல்லிய துணி சுற்றிய குச்சி. ஃபுல் ஃப்ரேம் சென்சார் 36-க்கு 24 மில்லிமீட்டர். ஆகவே 24 மில்லிமீட்டர் அகல ஸ்வாப், சென்சாருக்கென்றே விற்கும் திரவம் ஒன்றிரண்டு துளி. ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு ஒரே இழுப்பு, அப்புறம் ஸ்வாப்பைத் திருப்பி மறு பக்கத்தால் ஒரே இழுப்பு, குப்பையில் போடுங்கள். எந்த நேரத்திலும் ப்ளோயர் அடிக்காமல் ஸ்வாப்பைத் தொடாதீர்கள். நம் ஊர்ச் சாலைப் புழுதியில் குவார்ட்ஸ் துகள் இருக்கும், அது கண்ணாடியைவிடக் கடினம், தேய்த்தால் கீறல் விழும். சுண்ணாம்புக் கரடு பக்கம் மேக்னசைட் லாரிகள் ஓடும் சாலையில் நின்று லென்ஸைக் கழற்றுவதை விட்டுவிடுங்கள். உங்கள் கேமராவில் சென்சாரே அசைந்து ஆட்டத்தைச் சமன் செய்யும் வசதி இருந்தால், அழுத்தாமல் துடைக்க வேண்டும்.

கை நடுங்குகிறது என்றால் கடையில் கொடுங்கள், தப்பில்லை. ஆனால் புது ஸ்வாப் பாக்கெட்டை உங்கள் கண் முன்னால் பிரிக்கச் சொல்லுங்கள். ஒரே ஸ்வாப்பால் காலையிலிருந்து வந்த எல்லாக் கேமராவையும் துடைப்பவர்கள் இருக்கிறார்கள். காது குடையும் பஞ்சைத் தின்னரில் நனைத்துத் துடைப்பவர்களும் இருக்கிறார்கள். முந்தைய கேமராவின் எண்ணெய் உங்கள் சென்சாரில் ஏறும், மறுபடி நீங்களே காசு கொடுத்துத் துடைக்க வருவீர்கள்.

இப்படிப்பட்ட இடங்களுக்கு ஏன் போகிறோம் என்றால் வேறு வழி வைக்கவில்லை. லட்சக்கணக்கில் விலை வைத்து விற்கும் நிறுவனங்களின் வாரன்டி அட்டையில் தூசி அடங்காது என்று பொடி எழுத்தில் இருக்கும். கேமராவை வாங்கி அனுப்பிவைக்கும் சேர்ப்பு மையத்தில் கொடுத்தால் கூரியரில் வெளியூர் போகும், பழுது பார்ப்பவரோடு பேச முடியாது, பார்த்துச் சொல்லவே ஒரு கட்டணம். தை மாத முகூர்த்தத்தில் கேமரா கையில் இல்லாமல் வாரக்கணக்கில் உட்கார்ந்திருப்பவரின் பிழைப்பைப் பற்றி யாருக்கும் அக்கறை இல்லை. சேலம் போன்ற ஒரு மாநகரில் பத்து நிமிட வேலையை எதிரில் உட்கார்ந்து செய்து கொடுக்க ஒரு ஆளை வைப்பது இவர்களுக்கு முடியாத காரியமா?

லென்ஸ் விஷயத்துக்கு வருவோம். உங்கள் தூசிக்குக் காரணம் நீங்கள் அடிக்கடி லென்ஸ் மாற்றுவது. மிரர்லெஸ்ஸில் லென்ஸைக் கழற்றியதும் சென்சார் வாசல் திறந்த வீடு மாதிரி. அதனால் லென்ஸைத் தேர்ந்தெடுக்கும்போதே, வேலை முடியும் வரை கழற்றாமல் இருக்க முடியுமா என்று பாருங்கள்.

முதலில் அந்தக் கிட் லென்ஸை எடுத்து வையுங்கள். கிராப் சென்சாருக்கான லென்ஸை ஃபுல் ஃப்ரேமில் போட்டால், சென்சாரின் நடுப்பகுதியை மட்டும் கேமரா பயன்படுத்தும். நிக்கான், சோனியில் உங்கள் 24 மெகாபிக்சல் சுமார் 10 ஆகிவிடும், கேனனில் இன்னும் கொஞ்சம் குறையும். ஃபுல் ஃப்ரேமுக்குக் காசு கொடுத்துவிட்டு அதில் பாதிக்கும் குறைவாகப் பயன்படுத்துகிறீர்கள். லென்ஸின் மேல் நிக்கான் என்றால் டிஎக்ஸ், கேனன் என்றால் இஎஃப்-எஸ் அல்லது ஆர்எஃப்-எஸ் என்று இருந்தால் அது கிராப் லென்ஸ். சோனியில் எஃப்இ என்று இருந்தால்தான் ஃபுல் ஃப்ரேம், வெறும் இ என்றால் கிராப். உங்கள் 50 எம்எம்-மையும் இப்படிப் பார்த்துவிடுங்கள்.

என் யோசனை: ஒரு 24-105 எம்எம் எஃப்/4 (எம்எம் எண் கூடினால் தூரத்துக் காட்சி கிட்டே தெரியும்), அல்லது உங்கள் கேமராவுக்கு 24-120 எஃப்/4 கிடைத்தால் அது. கடைக்காரர் சொல்லும் 24-70 எஃப்/2.8 அருமையான லென்ஸ்தான், ஆனால் கனம், விலையும் கூட. எஃப்/2.8-க்கும் எஃப்/4-க்கும் வித்தியாசம் ஒரு ஸ்டாப், அதாவது ஒளி பாதியாகும். ஐஎஸ்ஓ 1600-ல் எடுப்பதை 3200-ல் எடுப்பீர்கள், ஃபுல் ஃப்ரேம் அதைத் தாங்கும். கருவறை வெளிச்சத்தில் கல்யாணம் என்றால் உங்கள் 50 எஃப்/1.8 இருக்கிறது. அதைக் காலையிலேயே போட்டுக்கொண்டு முகூர்த்தம் முடியும் வரை அதிலேயே எடுங்கள்.

மலைக்கு அகல லென்ஸ் வேண்டும் என்று 16-35 வாங்கச் சொல்வார்கள். ஏற்காட்டின் லேடீஸ் சீட் காட்சி முனையில் நின்று 16-ல் எடுத்தால் சேலம் நகரம் ஒரு விரல் அகலத்துக்குச் சுருங்கி, மிச்சமெல்லாம் வெறும் வானமாக நிற்கும். அங்கே வேலைக்கு ஆவது 70-லிருந்து 105 வரை. அபெர்ச்சரும் எஃப்/8 போதும். எஃப்/16-க்குப் போனால் தூசியும் தெரியும், ஒளி விளிம்பில் சிதறிப் படத்தின் கூர்மையும் குறையும்.

இன்னொன்று, பனிமூட்டம். ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர். காரில் ஏசி போட்டு 20 கொண்டை ஊசி வளைவு ஏறிவிட்டு, ஈரக் காற்றில் கேமராவை வெளியே எடுத்தால் லென்ஸ் வியர்க்கும். மேலிருந்து குளிர்ந்த கேமராவைச் சேலத்துப் புழுக்கத்தில் திறந்தாலும் அப்படியே. பையின் ஜிப்பைத் திறக்காமல் அரை மணி நேரம் விடுங்கள். வியர்த்த நேரத்தில் லென்ஸ் மாற்றவே கூடாது. வீட்டில் காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, சிலிகா ஜெல், ஒரு சின்ன ஈரப்பத மீட்டர் வைத்து 40 முதல் 50 சதவீதத்தில் வையுங்கள். ஜெல் நிறம் மாறியதும் சூடாக்கி உலர்த்தலாம். தோல் பையில் பூட்டி பீரோவில் வைத்தால் பூஞ்சை வரும்.

லென்ஸை செகண்ட் ஹேண்டில் வாங்குவதானால் அபெர்ச்சரை முழுக்கத் திறந்து, பின்பக்கத்திலிருந்து செல்போன் டார்ச் அடித்து முன்பக்கம் பாருங்கள். ஒன்றிரண்டு தூசி படத்தில் தெரியாது, அதைக் காட்டி விலை குறைத்துக் கேளுங்கள். சிலந்தி வலை மாதிரி இழை தெரிந்தால் விட்டுவிடுங்கள். "பங்கஸை கிளீன் பண்ணித் தந்துடறேன்" என்பார்கள். கண்ணாடி மேல் உள்ள பூச்சை அது ஏற்கெனவே தின்றிருக்கலாம்.

"பில் வேண்டாம்னா இவ்வளவு குறைச்சுத் தரேன், இம்போர்ட் பீஸ்" என்ற பேச்சில் விழாதீர்கள். இந்தியாவுக்கென்று வராத பொருளுக்கு இங்கே வாரன்டி கேட்டால் கையை விரிப்பார்கள். சீரியல் எண் அச்சிட்ட ஜிஎஸ்டி பில் வாங்குங்கள். "45 ஆயிரம்" என்றவரிடமும், எந்தப் பாகம் ஏன் மாற்ற வேண்டும், பழைய பாகம் திரும்பத் தருவாரா என்று கடை முத்திரையோடு எழுதித் தரச் சொல்லுங்கள். நேர்மையானவர் எழுதித் தருவார். பணத்தை வாங்கிக்கொண்டு வேலையும் செய்யாமல் இழுத்தால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியுங்கள். அங்கே தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் அங்கே மனுவுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் வைக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.