ஹீட்டர் கணக்கு மோட்டாருக்குச் சரிவருமா?

கேள்வி: வோல்டேஜும் ஆம்பியரும் தெரிந்தால் மின்தடையையும் வாட்டையும் எப்படிக் கண்டுபிடிப்பது? வயலில் ஓடும் மோட்டாருக்கும் இதே கணக்குதானா?

வோல்டேஜை ஆம்பியரால் வகுத்தால் மின்தடை, ஓமில் வரும். இரண்டையும் பெருக்கினால் திறன், வாட்டில் வரும். ஆனால் மோட்டாரைக் கேட்டுவிட்டீர்கள். மன்னார்குடிப் பக்கம் மோட்டார் காயில் கட்டும் தொழிலில் இருக்கிறேன், அதனால் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன்.

முதலில் வெந்நீர் ஹீட்டர். 230 வோல்ட்டில் 6.5 ஆம்பியர் இழுக்கிறது என்றால் 230 ÷ 6.5, சுமார் 35 ஓம். பெருக்கினால் 1495 வாட். பெட்டியில் 1500 வாட் என்று போட்டிருப்பது இதைத்தான். சப்ளை 180 வோல்ட்டுக்கு இறங்கினாலும் ஹீட்டரின் ஓம் பெரிதாக மாறாது. ஆம்பியர் 5.1 ஆகிவிடும், திறன் 920 வாட் அளவில் நிற்கும். வோல்டேஜ் குறைய, அதனாலேயே ஆம்பியரும் குறைய, சூடு இரண்டு வழியிலும் அடிவாங்குகிறது.

மோட்டாருக்கு இது பொருந்தாது. 5 ஹெச்.பி. மும்முனை மோட்டாரை எடுங்கள். ஒரு ஹெச்.பி. 746 வாட், ஆக தண்டில் 3730 வாட் கிடைக்க வேண்டும். 415 வோல்ட், டாங் டெஸ்டரில் (ஒயரைக் கவ்வி ஆம்பியர் பார்க்கும் மீட்டர்) 7.5 ஆம்பியர் என்று வைத்து வெறுமனே பெருக்கினால் 3112 வாட்தான் வருகிறது. கொடுப்பதைவிட அதிகமாக எந்த மோட்டாரும் திருப்பித் தராது! மூன்று பேஸுக்காக 1.732-ஆலும், பவர் ஃபேக்டருக்காக (வோல்டேஜ்-ஆம்பியர் பெருக்கலில் உண்மையான வாட்டாக மாறும் பங்கு) 0.85-ஆலும் பெருக்குங்கள்: சுமார் 4580 வாட். தண்டுக்குப் போனது போக மிச்சத்தில் பெரும்பகுதி காயிலிலும் இரும்பிலும் சூடாகப் போகிறது.

வோல்டேஜை ஆம்பியரால் வகுத்தாலும் காயிலின் ஓம் வராது. மெயினை அணைத்துவிட்டு மல்டிமீட்டர் வைத்தால் சில ஓம்தான் காட்டும். ஓடும்போது காயிலுக்குள் உண்டாகும் எதிர் வோல்டேஜ்தான் கரண்டைப் பிடித்து நிறுத்துகிறது. மோட்டார் சுற்றாமல் இறுகி நின்றால் ஐந்தாறு மடங்கு ஆம்பியர் பாய்வது அதனால்தான்.

லோ வோல்டேஜிலும் ஹீட்டருக்கு நேர்மாறாக, அதே தண்ணீரை ஏற்ற மோட்டார் கூடுதல் ஆம்பியர் இழுக்கும். காயில் சூடு ஆம்பியரின் வர்க்கத்தோடு ஏறும், 7.5 போய் 9 ஆனால் சூடு 44 சதவீதம் கூடிவிடும். மேட்டூர் அணை திறக்கும் முன்பே போர்வெல்லை நம்பிக் குறுவை நட்டு, ஊரே மோட்டார் போடும் கோடையில் காயில்கள் கருகி வருவது இதனால். விவசாய மின்சாரம் இலவசம் என்பதால் வாட்டை யாரும் பார்ப்பதில்லை. காயில் கட்டும் செலவு உங்கள் தலையில்தான் விழுகிறது.

கடைமடைக்குத் தண்ணீர் குறைவதுபோல நீள ஒயரின் கடைசியில் வோல்டேஜும் குறையும். மோட்டார் விஷயத்தில் உங்கள் இரண்டு வரிக் கணக்கு அப்படியே செல்லுபடியாகும் இடம் இதுதான். வீட்டு சிங்கிள் பேஸ் மோட்டாருக்கு 2.5 சதுர மி.மீ. செம்பு ஒயர், 100 மீட்டர் தூரம்: போக வர 200 மீட்டருக்குச் சுமார் 1.4 ஓம். 10 ஆம்பியர் ஓடினால் 14 வோல்ட் ஒயரிலேயே போய்விடும், 140 வாட் வீண் சூடு. 4 சதுர மி.மீ. போட்டால் இழப்பு 9 வோல்ட்டுக்குள் அடங்கும்.

மோட்டார் ஓடும்போதே ஒயரின் இரு முனையிலும் வோல்டேஜ் பார்க்கச் சொல்லுங்கள்; பழகிய எலக்ட்ரீஷியன் செய்யட்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை ஆம்பியரால் வகுத்தால் ஒயரின் ஓம். அது 1.4-க்குப் பதில் 3 என்று வந்தால், புது மோட்டார் விலை விசாரிக்கும் முன் ஜாயின்ட்டுகளைப் பிரித்துப் பாருங்கள். எங்கோ ஒன்று தளர்ந்தோ கருகியோ இருக்கும்.